மின்தடை அறிவிப்பு ஏன் படமாக வருகிறது?

தெரு வாட்ஸ்அப் குழு எதை எடுத்தாலும் அந்தப் படம் இருக்கும். நீலப் பின்னணி, மஞ்சள் எழுத்து, ஓரத்தில் ஒரு பல்பு. "நாளை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் இருக்காது." அதற்குக் கீழே பொடி எழுத்தில் முப்பது நாற்பது ஊர்ப் பெயர்கள். நம்ம ஏரியா பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு விரலால் விரித்து, இப்படியும் அப்படியும் தள்ளி, கடைசியில் புள்ளிகள் கரைந்துபோன எழுத்துக் குவியலில் கண் நிற்கும். எந்த "நாளை"? தேதி இருக்காது. இருந்தாலும் வருடம் இருக்காது. அதனால்தான் ஒரே படம் வருடாவருடம் சுற்றுகிறது.

இதே அறிவிப்பை நாலு வரி எழுத்தாக அடித்துப் போட்டிருந்தால் குழுவின் தேடல் பெட்டியில் ஊர்ப் பெயரைத் தட்டினால் போதும். படித்துக் காட்டச் சொன்னால் போனே படித்துக் காட்டும். ஒரு ஊர் விட்டுப்போயிருந்தால் கால் மணி நேரத்துக்குள் அனுப்பியவரே திருத்தலாம். படத்தில் இது எதுவுமே நடக்காது. பள்ளிச் சுற்றறிக்கை, குடியிருப்போர் சங்கக் கணக்கு, ரத்தம் தேவை, கும்பாபிஷேகப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று தமிழில் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் விஷயங்களில் பெரும்பங்கு இன்று படமாகத்தான் ஓடுகிறது. இணையத்தில் தமிழ் குறைவு என்று புலம்புகிறோம். இருக்கிற தமிழையும் படத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டு எங்கே தேடுவது?

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. பழைய ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழில் அனுப்பினால் வரிசையாகச் சதுரக் கட்டங்கள்தான் தெரியும், அல்லது கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிற்கும். படமாக அனுப்பினால் எல்லாப் போனிலும் ஒரே மாதிரி தெரிந்தது. அந்தப் போன்கள் எல்லாம் குப்பைக்குப் போய் வருடங்கள் ஆகின்றன, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

இன்னொரு காரணமும் சொல்வார்கள்: "எழுத்தா அனுப்பினா யாராவது மாத்திடுவாங்க." படத்தை மாற்றுவது இன்று எழுத்தை மாற்றுவதைவிடக் கஷ்டமில்லை. சொல்லப்போனால் மாற்றிய எழுத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு வரியை அப்படியே நகலெடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடினால் மூலம் எங்கே இருக்கிறது, எப்போது வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். படத்தையும் கூகுளில் தேடலாம்தான், ஆனால் அது இவ்வளவு சுலபமில்லை. வதந்தி பரப்புகிறவர்களுக்குப் படத்தின் மேல் இவ்வளவு பிரியம் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

புள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் மிகச் சிறிய உறுப்பு அதுதான், படம் சுருங்கும்போது முதலில் பலியாவதும் அதுதான். வெறும் பார்வர்ட் என்றால் பெரிய சேதமில்லை, அதே கோப்புதான் கைமாறுகிறது. ஒருவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் வைக்க, இன்னொருவர் அந்த ஸ்டேட்டஸை மறுபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட, ஒவ்வொரு முறையும் செயலி படத்தைப் புதிதாக அமுக்குகிறது. மூன்றாவது சுற்றில் "பத்து" என்பது "பதது" ஆகிவிடும். 'ஏ'யின் கால் மறைந்து 'எ' ஆகும். ஆங்கிலத்தில் இந்தச் சேதம் இவ்வளவு உறைக்காது. அங்கே 'ஐ', 'ஜே' என்ற இரண்டு சின்ன எழுத்துகளுக்கு மேல்தான் புள்ளி, அது போனாலும் படித்துவிடலாம். நமக்கு வரிக்கு ஏழெட்டுப் புள்ளி. படமாகத்தான் அனுப்பியாக வேண்டும் என்றால் போட்டோவாக இல்லாமல் டாக்குமென்டாக இணைத்து அனுப்புங்கள். அப்போது அமுக்காமல் அப்படியே போகும்.

பார்வையற்றவர்களுக்கு இது இன்னும் நேரடியான பிரச்சினை. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் எல்லாம் தமிழ் எழுத்தை வாசித்துக் காட்டும். படம் வந்தால் பெரும்பாலும் "போட்டோ" என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடும். ஊர் முழுக்கத் தெரிந்த செய்தி அவருக்கு மட்டும் போய்ச் சேராது. பேஸ்புக், எக்ஸ், இன்ஸ்டாகிராம் மூன்றிலும் படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையை எழுத ஓர் இடம் உண்டு. இன்ஸ்டாகிராமில் அது கூடுதல் அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். படத்தில் இருக்கும் வாசகத்தை அங்கே ஒட்டினாலே போதும், வர்ணனை எல்லாம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் படத்தின் தலைப்பு வரியிலேயே விஷயத்தை அடித்துவிடலாம்.

சரி, எழுத்தாக அடிப்போம் என்று உட்கார்ந்தால் அடுத்த சிக்கல்: எப்படி அடிப்பது?

பலரும் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதற்குக் காரணம் மொழிப் பற்று குறைந்தது என்று மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன் வாங்கும்போது இருந்த விசைப்பலகை ஆங்கிலம், அதை யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதன் விளைவு மோசம். பி, ஏ, எல், ஏ, எம் என்று ஐந்து எழுத்து அடித்தால் அது பழமா, பலமா, பாலமா, பள்ளமா? படிக்கிறவர் ஊகித்துக்கொள்வார், தேடல் இயந்திரம் ஊகிக்காது.

போனில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டு இருந்தால் அமைப்புகள், மொழிகள், விசைப்பலகை சேர், தமிழ். அங்கே ஆங்கிலத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறையும் இருக்கும், நேரடித் தமிழ் விசைகளும் இருக்கும். இரண்டையும் சேர்த்துக்கொண்டு இடவெளிப் பட்டையை அழுத்திப் பிடித்தால் மாறிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் அடிக்கும் முறை முதல் வாரத்துக்குச் சுகமாக இருக்கும். பிறகு ன, ண, ந மூன்றிலும் ர, றவிலும் அது தரும் பரிந்துரையை நம்பியே வாழ வேண்டியிருக்கும். தினமும் பத்து வரிக்கு மேல் எழுதுகிறவர் என்றால் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்வதுதான் லாபம் என்பது என் கட்சி. ஐபோனிலும் மேக்கிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் செல்லினம் செயலியில் கிடைக்கும். விண்டோஸ் 11இல் அமைப்புகளில் நேரமும் மொழியும் என்ற பகுதிக்குப் போய், தமிழைச் சேர்த்து, அதன் மொழி விருப்பங்களுக்குள் விசைப்பலகை சேர் என்பதில் தமிழ் 99ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு விண்டோஸ் விசையும் இடவெளிப் பட்டையும் சேர்த்துத் தட்டினால் மொழி மாறும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை இந்தத் தமிழ்99. எழுத்துகள் வைத்திருக்கும் இடத்தில் யோசனை இருக்கிறது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். நடுவரிசையில் வலது கை விரல்கள் இயல்பாக உட்காரும் இடத்தில் க, ப, ம, த, ந, ய வரிசையாக இருக்கும்.

இதன் அழகு புள்ளியில் தெரியும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ என நாலே தட்டு. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படித்தான்: ங-வும் க-வும் தட்டினால் 'ங்க', ந-வும் த-வும் தட்டினால் 'ந்த', ன-வும் ற-வும் தட்டினால் 'ன்ற'. ஆங்கிலத்தில் அடிக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் "வந்தான்" என்று எழுத எட்டுத் தட்டு, இதில் ஆறு. புதிதாகப் பழகுகிறவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். "மமதை" என்று அடிக்கப்போனால் "ம்மதை" என்று வரும். முதல் 'ம'வுக்குப் பிறகு 'அ' விசையை ஒருமுறை தட்டிவிட்டு அடுத்த 'ம'வைத் தட்ட வேண்டும். இந்த ஒரு விதி தெரியாமல் "இது சரியா வேலை செய்யல" என்று கைவிட்டவர்கள் நிறையப் பேர். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் என்று இரண்டு வாரம் பழகினால் விசையைப் பார்க்காமல் அடிக்க வந்துவிடும்.

குரலில் சொல்லி எழுதவைப்பதும் இப்போது நன்றாகவே வருகிறது. ஆனால் "வந்துட்டேன்", "போயிண்டிருக்கேன்" என்று பேச்சு நடையில் சொன்னால் அது தடுமாறும். வானொலிச் செய்தி வாசிப்பது போலச் சொன்னால் பிழை குறையும். ஆட்பெயரையும் ஊர்ப்பெயரையும் மட்டும் அனுப்புவதற்கு முன் ஒருமுறை சரிபாருங்கள். ஒற்றெழுத்தை அது அடிக்கடி விழுங்கிவிடும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எழுத்தாக அடித்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. கண்ணுக்குத் தெரியாத பிழைகள் சில உண்டு. "கௌரவம்" என்ற சொல்லைப் பாருங்கள். முதல் எழுத்து, க-வும் ஔகாரக் குறியும் சேர்ந்தது. அந்தக் குறி பார்வைக்கு ஒற்றைக் கொம்பும் 'ள'வும் போலவே இருப்பதால், பலர் கெ என்று அடித்துவிட்டுப் பக்கத்தில் ள-வைத் தட்டிவிடுகிறார்கள்: "கெளரவம்". பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு இவை இரண்டு வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது, திரைவாசிப்பான் "கெ ளரவம்" என்று படிக்கும், அகரவரிசையில் இடம் மாறி உட்காரும். ஔவையாருக்கும் இதே கதிதான். ஒ-வும் ள-வும் சேர்த்து "ஒளவையார்" என்று எழுதிய பக்கங்கள் இணையம் முழுக்க இருக்கின்றன. தமிழ்99இல் ஔ-வுக்குத் தனி விசை உண்டு, இடது கைக் கீழ்வரிசையின் முதல் விசை. அதைப் பயன்படுத்தினால் தொல்லை தீர்ந்தது.

ஸ்ரீ இன்னும் சுவாரசியம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் தனித்தனி எண் தரும் பொதுத் தரம் யூனிகோடு. 2005இல் அதில் ஶ என்ற எழுத்து சேர்ந்தது. அதற்குப் பிறகு ஸ்ரீ-யை ஸ-வைக் கொண்டும் எழுதலாம், ஶ-வைக் கொண்டும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒரே உருவம். வாக்காளர் பட்டியலோ வாடிக்கையாளர் பட்டியலோ தயாரிக்கிறவர்கள் "ஸ்ரீதர்" என்று தேடி ஆள் கிடைக்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். தமிழ் எண்களிலும் பொறி இருக்கிறது: ஒன்றைக் குறிக்கும் ௧ பார்வைக்குக் 'க' மாதிரி, ஏழைக் குறிக்கும் ௭ 'எ' மாதிரி, எட்டைக் குறிக்கும் ௮ 'அ' மாதிரி. அலங்காரத்துக்காக இவற்றைத் தேதியில் போடுகிறவர்கள் பக்கத்தில் 1, 7, 8 என்றும் போட்டுவிடுவது நல்லது.

இதற்கெல்லாம் அடியில் இருக்கும் கணக்கு எளியதுதான். யூனிகோடில் தமிழுக்கு முதலில் ஒதுக்கியது 128 இடங்கள், அதில் நிரம்பியிருப்பவை 72. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கிடையாது, மெய்யையும் குறியையும் சேர்த்துத்தான் எழுத்தாகிறது. "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70. "அன்புள்ள வாடிக்கையாளரே" என்று ஆரம்பித்தாலே 22 இடம் காலி. வங்கிகளும் கடைகளும் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பத் தயங்குவதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம். தமிழ்த் தலைப்புள்ள இணைய முகவரியை நகலெடுத்தால் அரைப் பக்கத்துக்குச் சதவீதக் குறிகளாக வருவதும் இதனால்தான். அங்கே ஒவ்வொரு குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்து, ஆக "தமிழ்" என்ற ஒரு சொல்லே 45 எழுத்தாக நீள்கிறது. இணைப்பு கெட்டுப்போகவில்லை, அப்படியே அனுப்பலாம்.

பழைய எழுத்துரு விவகாரம் தனிக் கதை. டிடிபி கடைகளில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. அவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டிவைத்தவை. பாமினியில் அடித்த "தமிழ்" உண்மையில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் அதுதான் தெரியும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் கல்யாணப் பத்திரிகைக்கு நாம் வாட்ஸ்அப்பில் அழகாக அடித்து அனுப்பியதைக் கடைக்காரர் பார்த்துப் பார்த்து மறுபடி அடிக்கிறார், மாப்பிள்ளை பெயரில் பிழை வருகிறது. அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவரிடம் இருக்கும் பழைய மென்பொருளில் யூனிகோடை ஒட்டினால் கொம்பு இடம் மாறிவிடும். பக்க வடிவமைப்புக்கான புதிய இன்டிசைன் மென்பொருள் வைத்திருந்தால் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், போட்டோஷாப்பில் வேர்ல்டு ரெடி லேஅவுட். எழுத்து சரியாக உட்காரும், மறுபடி அடிக்கும் வேலை மிச்சம்.

பாமினியில் இருக்கும் பழைய கோப்பை மாற்ற பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் உண்டு. எந்த எழுத்துரு என்று முதலில் பார்த்துக்கொண்டு அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் கூத்து ஒன்று: பாமினியில் காற்புள்ளி விசையில் 'இ' உட்கார்ந்திருக்கிறது. அதனால் மாற்றிய கட்டுரையில் "கொழும்பு, கண்டி, காலி" என்பது "கொழும்புஇ கண்டிஇ காலி" ஆகிவிடும். இலங்கைச் செய்திப் பக்கங்களில் இந்த வால் இகரத்தை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். உள்ளே ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் தமிழ்க் குப்பையாகும். ஆங்கிலம் வரும் பத்திகளைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு மாற்றுவதே வழி.

கையில் இருக்கும் பிடிஎஃப் எந்த வகை என்று அறிய அரை நிமிடம் போதும். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வேறு எங்காவது ஒட்டிப் பாருங்கள். தேர்ந்தெடுக்கவே முடியவில்லையா, அது ஸ்கேன் செய்த படம். ஆங்கிலக் கிறுக்கலாக வந்தால் பழைய எழுத்துரு. "ெதாழில்" என்று கொம்பு முன்னால் துருத்திக்கொண்டு வந்தால் யூனிகோடுதான், ஆனால் பிடிஎஃப் எழுத்தின் உருவத்தை அச்சு வரிசையில் சேமித்திருக்கிறது. இந்த மூன்றாவது வகை மிகச் சாதாரணம், நன்றாக அடித்த கோப்பிலும் வரும். ஆகவே பிடிஎஃப் இணைத்தாலும் முக்கியமான நாலு வரியைச் செய்தியிலேயே எழுத்தாகப் போட்டுவிடுங்கள்.

படமாக வந்ததை எழுத்தாக்கக் கூகுள் லென்ஸ் போதும். படத்தைத் திறந்து எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கலாம். நீளமான பக்கம் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் மூலம் திற என்று கொடுத்தால் படத்துக்குக் கீழே எழுத்து வரும். பக்கம் நேராக இருக்க வேண்டும், நிழல் விழக் கூடாது. துணைக்காலும் 'ர'வும் மாறும், புள்ளி விடுபடும், இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கத்தில் வரிகள் கலந்துவிடும். ஊர்ப் பெயர்களைக் கண்ணால் ஒருமுறை சரிபார்க்காமல் அனுப்ப வேண்டாம்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்திலிருந்து பாரதி வரை தன்னார்வலர்களைக் கொண்டு எழுத்தாகவே அடித்து ஏற்றியது. அன்று யூனிகோடு புழக்கத்துக்கு வரவில்லை, வேறு குறியீடுகளில்தான் அடித்தார்கள். எழுத்தாக இருந்ததால் பின்னாளில் மொத்தத்தையும் யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. இன்று ஒரு குறள் அடியைத் தேடினால் உடனே கிடைக்கிறதே, அதில் அந்த உழைப்புக்கும் பங்கு உண்டு.

தெருக் குழுவுக்கு அவ்வளவு உழைப்பு தேவையில்லை. மின்தடை அறிவிப்பென்றால் முதல் வரியில் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே தலைப்பு, வாட்ஸ்அப் அதைத் தடித்த எழுத்தாக்கிவிடும். இரண்டாவது வரியில் வருடத்தோடு தேதியும் கிழமையும் நேரமும். மூன்றாவதில் ஊர்ப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே காற்புள்ளி. கடைசியில் இதைச் சொன்னது எந்த அலுவலகம் என்பது. பல்பு படம் போடாமல் மனசு கேட்காது என்றால் எழுத்துக்குக் கீழே தனியாகப் போடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.